மலையும் மனையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவையொட்டி ஹுன்னஸ்கிரியவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இவ்வாண்டு விழாவில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் எம்மைக் கேட்டார். "வீட்டுப் படத்தையும் நாட்டுப் படத்தையும் பற்றிப் பேசுவோம்" என்றோம். அவர் சற்றுத் திகைத்தார். இளைஞர் மன்ற மேடையில் எஞ்சினியர் பேச்சுக்கு என்ன வேலை என்று எண்ணியிருப்பார் போலும். அவருக்கு அன்று நாம் மறுமொழி சொல்லவில்லை. இன்று சொல்கிறோம். இந்த மண்டபத்தின் சன்னல் வழியாக ஒருமுறை வெளியே பாருங்கள். மலை தெரிகிறது. மலையின் மடியில் வீடுகள் தெரிகின்றன. அந்த மலைக்கும் அந்த வீடுகளுக்கும் உள்ள உறவே எமது பேச்சின் பொருள். இதைவிட நமக்கு நெருங்கிய பொருள் வேறொன்று உண்டோ?

முதலில் ஒரு கதை. கதை என்றோம், ஆனால் நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எமது உறவினர் ஒருவர் மலைச்சரிவில் ஒரு காணி வாங்கி வீடு கட்டினார். படம் வரைபவர் ஒருவரிடம் சென்றார். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. படம் அழகாகவே இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் தரை மேசைபோலத் தட்டையாக இருந்தது. காணியோ கூரைபோலச் சரிந்த காணி. மேசன் வந்தார். படத்திலுள்ள வீட்டை அந்தச் சரிவில் இறக்குவதற்காகப் பின்புறத்து மண்மேட்டைப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நெட்டாக வெட்டினார். குசினித் தண்ணீர் எங்கே போவது என்று படம் சொல்லவில்லை. ஆகவே அது மேட்டின் அடியிலேயே ஊறிற்று. மேலே பழைய தேயிலைக் கான் ஒன்று மழைநீரைக் கொண்டுவந்து அந்த வெட்டின் தலையிலேயே ஊற்றிற்று. மூன்றாவது மாரியில், ஓர் இரவு, மேடு இறங்கியது. குசினி மண்ணுக்குள் போயிற்று. அவ்வேளை அடுப்படியில் எவரும் இல்லாதது தெய்வச் செயல் என்றே சொல்ல வேண்டும்.

படம் வரைந்தவரை நாம் குறை கூற வரவில்லை. கேட்டதை அவர் செய்தார். அவருடைய மேசையில் வீடு இருந்தது, மலை இல்லை. மலையின் படம் வேறொரு கந்தோரில் வேறொரு அலுமாரியில் இருந்தது. அந்த அலுமாரியில் மலை இருந்தது, வீடு இல்லை. இரண்டு படங்களும் ஒருநாளும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. அவை பார்த்துக்கொள்ளாமல் இருந்ததன் விலையே அந்தக் குசினி.

அன்பர்களே, இந்த இரண்டு படங்களையும் ஒரே பலகையில் சேர்த்துவைக்கும் கலை இன்று உலகில் வளர்ந்து வருகிறது. அதனை எளிய சொற்களில் விளக்க முயல்கிறோம்.

கணினியில் வரையப்படும் வீட்டுப் படம் இன்று வெறும் கோடுகளாக இல்லை. படத்திலுள்ள ஒரு சுவரைத் தொட்டால், அது எத்தனை அங்குலத் தடிப்பு, செங்கல்லா சீமெந்துக் கல்லா, எந்தக் கூரையைத் தாங்குகிறது, எப்பொழுது கட்டப்பட்டது என்றெல்லாம் அது விடை சொல்லும். சன்னல் ஒன்றைப் பெரிதாக்கினால் கல்லின் கணக்கும் சாந்தின் கணக்கும் தாமே மாறும். இதனைக் கட்டிடத் தகவல் மாதிரி என்பர். தொழிலில் உள்ளோர் சுருக்கமாகப் 'பிம்' என்று வழங்குவர். சாள்ஸ் ஈஸ்ட்மன் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவரோடிருந்தோரும் 1970களில் இதற்கு வித்திட்டனர்.

நாட்டுப் படமும் அவ்வாறே மாறிவிட்டது. கண்ணாடித் தாள்கள் பலவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஆறு, ஒன்றில் தெரு, ஒன்றில் மண்வகை, ஒன்றில் சரிவு, ஒன்றில் மழை. வேண்டியவற்றை மட்டும் எடுத்து அடுக்கிப் பார்க்கலாம். செங்குத்தான சரிவும் ஆழமான மண்ணும் நீரோட்டமும் ஓரிடத்தில் கூடுவதைக் காணலாம். இதனைப் புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ்., என்பர். 1960களில் கனடா நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்கும் பணியில் ரொஜர் தொம்லின்சன் என்பவர் இதனைத் தொடக்கிவைத்தார்.

முன்னதற்கு வீட்டின் உள்ளெல்லாம் தெரியும். வாசற்படிக்கு வெளியே உலகம் இல்லை. பின்னதற்கு மலையும் ஆறும் நாடு முழுவதும் தெரியும். ஆனால் நமது வீடு அதற்கு ஒரு புள்ளி. ஒன்று கிணற்றுத் தவளை. மற்றது வானத்துப் பருந்து. தவளைக்கும் பருந்துக்கும் பேச்சுவார்த்தை ஏற்படுத்துவது எப்படி?

இங்கே இரண்டு தடைகள் உண்டு. முதலாவது தடை, இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து அளக்கத் தொடங்குவது. வீட்டுப் படம் காணியின் மூலைக்கல்லைச் சுழியாகக் கொள்கிறது. தாளின் மேற்பக்கமே அதற்கு வடக்கு. விறாந்தையின் தரையே அதற்கு உயரத்தின் தொடக்கம். நாட்டுப் படம் அப்படியன்று. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய திணைக்களம். அதன் இன்றைய ஆள்கூற்று முறையில் பிதுருதலாகலை உச்சியே மூலம். அவ்வுச்சிக்குக் கிழக்காக 500,000 மீற்றர், வடக்காக 500,000 மீற்றர் என எண் கொடுத்து, தீவின் ஒவ்வோர் இடத்தையும் அதைக் கொண்டே அளக்கின்றனர். உயரத்தையோ கடல்மட்டத்திலிருந்து அளக்கின்றனர். எனவே வீட்டின் மூலைகளில் இரண்டையேனும் அந்த அளவையோடு பிணைத்து, தரையின் உயரத்தையும் கடல்மட்டத்தோடு பிணைத்துவிட்டால், வீடு மலைமேல் தன் இடத்தில் போய் அமர்ந்துவிடும். பிணைக்காவிட்டால் வீடு ஆகாயத்திலே மிதக்கும். அல்லது ஆற்றின் நடுவே நிற்கும்.

இதற்கு உதாரணம் தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. இங்கிருந்து கண்டிக்குப் போகும் வழியில் தெல்தெனியா உண்டு. பழைய தெல்தெனியா நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. 1985இல் அந்த அணை திறந்துவைக்கப்பட்டது. நீர் நிறையும்போது அதன் மட்டம் கடலிலிருந்து 438 மீற்றர். ஒரு வீட்டை நீர் தொடுமா தொடாதா என்பதை அந்த வீட்டின் படத்தை மட்டும் பார்த்து எந்த மேதையாலும் சொல்ல முடியாது. அணையின் எண்ணும் வாசற்படியின் எண்ணும் ஒரே கடலிலிருந்து அளக்கப்பட்டிருந்தால், பள்ளிப் பிள்ளையே கழித்துப் பார்த்துச் சொல்லிவிடும். நீர் வற்றுங் காலங்களில் அப்பழைய நகரத்தின் கட்டிடங்கள் தலைகாட்டும்போதெல்லாம் இந்தச் சின்னக் கணக்கு எமக்கு நினைவுக்கு வருகிறது.

கட்டிடத்துக்கும் நாட்டுப் படத்துக்கும் உள்ள உறவு தமிழருக்குப் புதிதன்று. 1802இல் சென்னையில் பரங்கிமலைக்கு அண்மையில் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் தம் அளவையைத் தொடங்கினார். தெற்கே வந்தபோது சோழநாட்டு வயல்வெளியில் ஏறிநின்று நோக்க ஒரு குன்றும் இல்லை. ஆகவே கோயிற் கோபுரங்களையே குன்றுகளாகக் கொண்டார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அரைத் தொன் நிறையுள்ள கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவரே இருந்து அதனைச் செப்பனிட்டுப் பணியைத் தொடர்ந்தார். அன்று கட்டிடம் நாட்டுப் படத்துக்குத் தோள்கொடுத்தது. இன்று நாட்டுப் படம் கட்டிடத்துக்குத் தோள்கொடுக்க வேண்டும். கைம்மாறு என்று வைத்துக்கொள்வோமே!

இரண்டாவது தடை மொழி. கட்டிடக் கலைஞருக்கு வீடு என்பது ஆயிரம் உறுப்புகள்: தூண், வளை, கதவு, பிணைச்சல். நில அளவையாளருக்கு வீடு என்பது நான்கு மூலையுள்ள ஓர் உருவம். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. கட்டிடப் பக்கத்தில் ஐ.எப்.சி. என்றும், நகரப் படத்தின் பக்கத்தில் சிற்றி ஜி.எம்.எல். என்றும் உலகப் பொதுமொழிகள் எழுந்துள்ளன. முன்னதிலிருந்து பின்னதற்கு மொழிபெயர்க்கும்போது எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டியதில்லை. எதை விடுவது, எதை எடுப்பது என்று தெரிவதே கெட்டித்தனம். ஆணிக் கணக்கு மலைக்கு வேண்டாம். கான் எங்கே விழுகிறது என்பது வேண்டும். சுவரின் நிறம் வேண்டாம். பின்புறத்து வெட்டு எத்தனை அடி என்பது வேண்டும்.

தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர் இதில் முன்னே நிற்கிறது. 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டிடங்களின் படங்களை 'பிம்' வடிவிலேயே அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டுமென 2015இல் அங்கு விதியாயிற்று. நகரம் முழுவதையும் முப்பரிமாணத்தில் கணினிக்குள் அமைக்கும் பணியும் 2014இல் தொடங்கிற்று. "அது செல்வம் கொழிக்கும் நகரம், நாம் மலைக்காட்டில் இருப்பவர்கள்" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சமதரையில் நிற்கும் வீட்டுக்கு நிலத்தின் துணை கொஞ்சம் போதும். சரிவில் நிற்கும் வீட்டுக்கே அது உயிர்நாடி. வசதி அவர்களிடம் இருக்கிறது. தேவை நம்மிடம் இருக்கிறது.

நம் நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கி, மண்சரிவு அபாயப் படங்களை வரைந்து வந்துள்ளது. பாறை, மண்ணின் ஆழம், சரிவு, நீரோட்டம், நிலத்தைப் பயன்படுத்தும் முறை, நிலத்தின் தோற்றம் என்னும் ஆறு காரணங்களுக்கும் புள்ளி கொடுத்துக் கூட்டி, எந்த இடம் எவ்வளவு ஆபத்தானது என்று நிறந் தீட்டிக் காட்டுகின்றனர். அபாயமுள்ள மாவட்டங்களில் வீடு கட்ட அனுமதி கேட்போர் அந்நிறுவனத்தின் அறிக்கையைப் பெறவேண்டும் என்ற ஒழுங்கும் உண்டு. ஆக, மலையின் படம் பெரும்பாலும் தயார். வராதது வீட்டின் படம்.

இது எவ்வளவு பெரிய குறை என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் நமக்குக் காட்டிற்று. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மலையின் படம் சரியாகவே பேசியது. ஆனால் மலை இறங்கி லயன்களை மூடிய அன்று, உள்ளே எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை இல்லை. முதலில் நூற்றுக்கணக்கானோர் என்றனர். பின்னர் அத்தொகை குறைந்தது. நாட்கள் பல கழிந்தும் உறுதியான எண் வரவில்லை. எந்த லயன் எங்கே நின்றது, எந்தக் காம்பிராவில் எத்தனை பேர், காலையில் வேலைக்குப் போனவர் யார், தொட்டிலில் கிடந்த குழந்தை யாருடையது என்பவற்றைச் சேர்த்து வைத்த ஏடு கைக்கெட்டும் இடத்தில் இல்லை. இறந்தவரை எண்ணவே முடியாத நிலையில், இருப்பவரை எப்படிக் காப்பது? 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் மழை கண்டி மாவட்டத்தையும் பதுளை, நுவரெலியா மாவட்டங்களையும் உலுக்கி, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னும் இந்தக் கேள்வியை நாம் கேளாதிருக்கலாமா?

இங்கே பெரியவர் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும்: "தம்பிமாரே, நீங்கள் படம் வரைவீர்கள். நாளைக்கு அந்தப் படத்தைக் காட்டி, 'இது சிவப்பு இடம், எழும்பு' என்பார்கள். எழும்பி எங்கே போவது?" இக்கேள்வி நியாயமான கேள்வி. இதற்கு இனிப்பான பதில் எம்மிடம் இல்லை. மாற்றுக் காணி கொடாமல் எழுப்புவது அநீதி என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள் ஐயா. படமில்லாததால் இதுவரை நாம் அடைந்த நன்மை என்ன? பல தோட்டங்களில் லயன் வீட்டுக்கென்று தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் கந்தோர் வழியாகவே வருகிறது. ஏட்டில் இல்லாத வீட்டை எழுப்புவதும் எளிது, மறப்பதும் எளிது. எண்ணும் எல்லையும் ஆட்கணக்கும் உள்ள வீடு, "இங்கே நாங்கள் இத்தனை குடும்பம் இருக்கிறோம், எங்களுக்கு இத்தனை வீடு வேண்டும்" என்று வாதாடும். படம் வேண்டாம் என்பதல்ல வழி. அதன் பிரதி ஒன்று நம் கையில் இருக்க வேண்டும் என்பதே வழி. எவர் வீட்டு விவரமும் அவர் சம்மதமின்றி வெளியே போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் நாமே விதித்துக்கொள்ள வேண்டும்.

இனி இளைஞர்களுக்கு வருவோம். "இதெல்லாம் பெரிய எஞ்சினியர்கள் செய்யும் காரியம், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். மட்டக்களப்பில் மண்முனை வடக்குப் பிரிவில் சில ஆண்டுகளுக்கு முன் பல்கலைக்கழக மாணவர்கள் 30,000க்கு மேற்பட்ட கட்டிடங்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மெப் என்னும் பொதுப் படத்தில் ஏற்றினார்கள். எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க படம் அது. படங்களை அடுக்கிப் பார்க்கும் கியூ-ஜி.ஐ.எஸ். என்னும் கணினிச் செயலியும் காசில்லாமல் கிடைக்கிறது. உங்கள் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசி நீங்கள் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் பிழைக்குள் சொல்லும். மதிலுக்கு எல்லை போட அது போதாது. ஆனால் எந்த வீடு எந்தக் கானின் கீழ் நிற்கிறது என்று காட்ட அது தாராளமாகப் போதும்.

ஆகவே ஒரு வேலைத்திட்டத்தை முன்வைக்கிறோம். மன்றத்தின் இளைஞர்கள் இருவர் இருவராகப் பிரிந்து வீடு வீடாகப் போகட்டும். வீட்டுக்கு ஒரு தாள். வீட்டின் இடமும் எண்ணும். சுவரும் கூரையும் எதனால் ஆனவை. பின்புறத்து வெட்டின் உயரமும் அணைச்சுவர் உண்டா என்பதும். கூரைத் தண்ணீரும் குசினித் தண்ணீரும் போகுமிடம். இரவில் படுப்போர் எத்தனை பேர், அவர்களில் நடக்க இயலாதவர் யார். இருட்டில் வெளியேறினால் போகும் பாதை. இவ்வளவே. இதை எழுதும்போது நீங்கள் வீட்டின் தகவலை மலையின் தகவலோடு பிணைக்கிறீர்கள். பெரிய நகரங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்யும் அதே காரியத்தின் விதையை ஒரு பென்சிலால் ஊன்றுகிறீர்கள்.

இதனால் விளையும் பயனை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். ஒரு வீட்டில் கதவு இறுகிப் பூட்ட முடியவில்லை. தச்சனைக் கூப்பிட்டுச் சீவுவார்கள். நாலு வீடு தள்ளி இன்னொரு வீட்டில் சீமெந்துத் தரை வெடிக்கிறது. பூசிவிடுவார்கள். மேலே தேயிலை மலையில் நிலத்திலே ஒரு வெடிப்பு. கொழுந்து பறிக்கும் அம்மா தாண்டிப் போய்விடுவார். கீழே ஊற்று நீர் திடீரெனக் கலங்கி வருகிறது. மழைநீர் என்று விட்டுவிடுவார்கள். நான்கும் நாலு பேருடைய சின்னச் சங்கதிகள். அவற்றை ஒரே படத்தில் குறித்துப் பாருங்கள். நான்கும் ஒரே சரிவில் வரிசையாக நின்றால், மலை நகரத் தொடங்கிவிட்டது என்று அஞ்ச வேண்டும். கதவைச் சொன்னது வீடு. வெடிப்பைச் சொன்னது மலை. தனித்தனியே அவை முணுமுணுப்பு; சேர்ந்தால் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை உடனே உரிய உத்தியோகத்தருக்கும் நிபுணருக்கும் கொண்டுபோவது மன்றத்தின் கடமை. நாம் நிபுணர்களல்லர், நிபுணரை வேளையோடு அழைப்பவர்கள்.

அதோடு மழைமானி ஒன்றும் வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு. 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால், அல்லது ஒரே மணியில் 75 என்றால், வெளியேற்றம். இந்த எண்களைக் கோயில் மண்டபச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். மண்டபம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் எல்லோரும் ஓடிவருவது கோயில் மண்டபத்துக்கே. அந்த மண்டபம் எந்தச் சரிவில் நிற்கிறது, அதன் பின்னால் எத்தனை அடி வெட்டு உண்டு? முதல் தாளை அதற்கே எழுதுங்கள். அடைக்கலம் தரும் இடம் முதலில் அடைக்கலமாக இருக்க வேண்டும்.

எமது உறவினரின் வீட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது முறையன்று. மேடு இறங்கிய பின் அவர் மறுபடி குசினி கட்டினார். இம்முறை வீட்டின் முன்பக்கத்தில். தேயிலைக் கானைத் திருப்பிவிட்டார். பின்புறத்தைப் படிபடியாக வெட்டிக் கல்லடுக்கினார். புதிய படத்திலே மலையும் கானும் வெட்டும் இருக்கின்றன. வடக்கு எது என்றும் குறித்திருக்கிறது. அந்தப் படத்தை அவர் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார். பார்க்க வருபவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "முதல் படத்தில் வீடு மட்டும் இருந்தது."

இளைஞர்களே, அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது அதன் பக்கங்களில் நமது ஊரின் படம் ஒன்று அச்சாகி வரட்டும். அதில் மலையும் இருக்கட்டும்; மனையும் இருக்கட்டும். தாளும் பென்சிலும் வாங்கும் செலவை நாமே ஏற்கிறோம். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோயில் முற்றத்தில் கூடுவோம்.